கிலோவும் லிட்டரும்: ஒன்றை மற்றொன்றாக மாற்றும் முறை

எண்ணெய் மண்டியில் 15 கிலோ டின்னும் 15 லிட்டர் டின்னும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கையில், மேலே அச்சிட்ட எண் ஒன்றாயிருப்பதைக் கொண்டு உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றே என்று கருதி, விலையை மட்டும் விசாரித்து வாங்கிப் போகிறவர்கள் உண்டு. கிலோ நிறையைச் சொல்லுகிறது. லிட்டர், அப்பதார்த்தம் அடைத்துக்கொள்ளும் இடத்தை, அதாவது கனஅளவைச் சொல்லுகிறது. இவ்விரண்டுக்கும் சம்பந்தம் உண்டாக்கித் தருவது, ஒரு லிட்டர் சரக்கு தராசில் எத்தனை கிலோ நிற்கும் என்று கூறும் அடர்த்தி ஒன்றே.

ஆகையால் முதற்காரியமாக, கையிலுள்ள அளவையும் வேண்டிய அளவையும் அலகோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தபடியாக, அந்தச் சரக்கின் அடர்த்தியைத் தேடி, அதையும் அலகோடேயே எழுதுங்கள்: லிட்டருக்கு இத்தனை கிலோ என்ற பிரமாணத்தில், தண்ணீருக்கு ஏறக்குறைய 1, பாலுக்குச் சுமார் 1.03, கடலை எண்ணெய்க்குச் சுமார் 0.91. லிட்டரைக் கிலோவாக்க இந்த எண்ணால் பெருக்க வேண்டும். கிலோவை லிட்டராக்க வகுக்க வேண்டும். எது பெருக்கல், எது வகுத்தல் என்ற மயக்கம் வந்தால், எண்களைப் போலவே அலகுகளையும் அடித்துப் பாருங்கள். லிட்டரோடு லிட்டர் அடிபட்டுக் கிலோ மட்டும் மிஞ்சினால் வழி சரி. 15 லிட்டர் கடலை எண்ணெய் 13.65 கிலோ, 15 கிலோ டின்னிலோ ஏறக்குறைய 16.5 லிட்டர். ஒரே விலைக்கு இரண்டும் கிடைக்குமாயின், லிட்டர் டின்னை எடுத்தவருக்கு 1.35 கிலோ நஷ்டம்.

உஷ்ணம் ஏறினால் எண்ணெய் விரிந்து அடர்த்தி சற்றுக் குறையும். வீட்டுக் கணக்கில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, டாங்கர் லாரிக் கணக்கில் வேண்டும்.

அடர்த்தியின் அலகை மறந்தால் விளையும் விபரீதத்துக்கு, 1983 ஜூலை 23 அன்று கனடாவில் மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடா போயிங் 767 விமானத்தைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. எரிபொருள் மானி பழுதாயிருந்ததால், அளவுகோல் கொண்டு தொட்டிகளைச் சோதித்து 7,682 லிட்டர் இருப்பதாகக் கண்டார்கள். பிரயாணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. மாற்றுவதற்கு எடுத்த எண் 1.77, அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்று சொல்லும் எண்ணாயிருக்க, லிட்டருக்கு இத்தனை கிலோ என்று கொண்டு, இருப்பு ஏறக்குறைய 13,600 கிலோ என்று முடிவு செய்தார்கள். சரியான எண்ணாகிய 0.803ஆல் பெருக்கியிருந்தால் 6,170 கிலோதான் வந்திருக்கும். விளைவாக, 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே நிரப்பப்பட்டு, நடுவானில் இரண்டு எஞ்சின்களும் அணைந்தன. விமானி அதைக் காற்றில் மிதக்கவிட்டு, கிம்லி என்னுமிடத்திலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கிய சாமர்த்தியத்தால் அனைவரும் உயிர் பிழைத்தார்கள்.

ஆகவே விடை கிடைத்தபின் இன்னொரு சோதனையும் அவசியம்: சரக்கு தண்ணீரில் மிதக்குமா, மூழ்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் மிதக்கும் திரவத்துக்குக் கிலோ எண் லிட்டர் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்க வேண்டும். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தது, தண்ணீரில் மிதப்பது. 7,682 லிட்டர் 13,600 கிலோ நிற்கும் என்று வந்த விடையை, வேறு எந்தக் கணக்கும் போடாமலே, அந்த ஒரு கேள்வியால் தள்ளியிருக்கலாம்.