உப்பு மண்ணில் பூ கேட்பவனுக்கு

அன்புள்ள தம்பி,

போர்ட் பிளேரில் உப்பைத் தாங்கும் பூச்செடி உருவாக்கப் போவதாக எழுதியிருந்தாய். தேவை இருக்கிற ஊர்தான். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. போர்ட் பிளேர் அருகே சிப்பிகாட் வயல்களில் கடல் புகுந்தது.

நீ நம்பியிருக்கும் என்எச்எக்ஸ் மரபணு, சோடியத்தைச் செல்லின் நடுவிலுள்ள வாக்குவோல் என்னும் பைக்குள் தள்ளி அடைத்துவிடும். 2001இல் தக்காளியில் இதைச் செய்து காட்டினார்கள். 200 மில்லிமோலார் உப்புநீரில் செடி பூத்துக் காய்த்தது. கடல்நீரின் உப்பு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்பதை மட்டும் நினைவில் வை.

பூ வேலைக்காரன் பார்க்க வேண்டியது இன்னொன்று. ஜப்பானியக் காலைப்பூ மொட்டில் செவ்வூதா, விரிந்தால் நீலம். அதை நீலமாக்குவது இதே குடும்பத்து மரபணுதான் என்று 2000இல் கண்டார்கள். அயனி உள்ளே போக, புரோட்டான் வெளியே வருகிறது. வாக்குவோலின் புளிப்பு குறைய, ஆந்தோசயனின் என்ற நிறமியின் நிறம் மாறுகிறது. செண்டுமல்லியின் மஞ்சள் வேறு நிறமியான கரோட்டினாய்டு என்பதால் அங்கே பயமில்லை. பெட்டூனியாவில் கைவைத்தால், உப்பைத் தாங்குகிற செடி கிடைத்தும் கேட்ட நிறம் கிடைக்காமல் போகலாம். ஆகவே இலையை மட்டும் அளக்காதே, இதழையும் அள.

காலைப்பூவின் பங்காளிதான் கடற்கரை மணலில் படரும் அடும்பு. அதனாலேயே அந்தக் குலத்தில் உன் சோதனை வேண்டாம் என்பேன்; நீ மாற்றிய மரபணு அடும்புக்குப் பரவிவிடலாம். ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் தீவுக்குத் தீவு நீந்திப்போய்க் காட்டை மேய்கிறது. மகரந்தத்துக்கு நீந்தவும் வேண்டாம், வண்டு போதும். விதை பிடிக்காத, பதியன் போட்டே பெருக்குகிற செடியாகத் தேர்ந்தெடு. 2017இல் ஐரோப்பாவில் ஆரஞ்சுப் பெட்டூனியாக்களைக் கடைகளிலிருந்து அள்ளி அழித்தார்கள். மக்காச்சோளத்தின் மரபணு அவற்றில் இருந்தது விற்றவர்களுக்கே தெரியாது. நம் நாட்டில் வணிகச் சாகுபடியில் உள்ள மரபணு மாற்றுப் பயிர் 2002இல் அனுமதி பெற்ற பருத்தி ஒன்றுதான். அனுமதிக்கு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும், அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்.

சென்னை சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழு அலையாத்தி மரமான வெண்கண்டலின் மரபணுக்களை நெல்லுக்கு மாற்றியது. நல்ல வேலை. ஆனால் வெண்கண்டல் இலையை ஒருமுறை நக்கிப் பார், கரிக்கும். வேரிலேயே உப்பை வடிகட்டி, மிஞ்சியதை இலைச் சுரப்பி வழியே வெளியே தள்ளுகிற மரம் அது. ஒற்றை மரபணுவில் அத்தனையும் வந்துவிடாது.

தொட்டியில் ஒரே அளவு உப்புக் கரைசல் ஊற்றி வரைபடம் போடுவது சுலபம். அந்தமான் மண் அப்படியா இருக்கிறது? மழைக்காலத்தில் உப்பு கழுவிப்போகும், ஆனால் வேர் தண்ணீரில் நிற்கும். ஜனவரிக்கு மேல் மண் காயக் காய உப்பு மேலேறும். செடி இரண்டையும் தாங்க வேண்டும். பிழைத்ததா என்று மட்டும் கேட்காதே. எத்தனை பூ, என்ன அளவு, பறித்தபின் எத்தனை நாள் வாடாமல் இருக்கிறது என்று கேள். பூக்கட்டுகிற அக்காவுக்கு வேண்டிய கணக்கு அதுதான்.

ஜீன் துப்பாக்கியைத் தொடும் முன், கிடைக்கிற செண்டுமல்லி ரகங்களையெல்லாம் உப்பேறிய வயல் ஒன்றில் நட்டு, மாதாமாதம் இ.சி. மீட்டர் வைத்து மண்ணின் உப்பை அள. சாதாரண ரகம் ஒன்றே தாக்குப்பிடித்தால் உனக்குப் பாதி வேலை மிச்சம். அந்த எண்களை எனக்கு அனுப்பு. எந்த மரபணு என்பதை அதற்கப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்