பிட் நழுவுகிறதா? நட்டை மேலும் முறுக்காதீர்கள்

கோயில் கதவொன்றில் ‘ஓம்’ செதுக்கிக்கொண்டிருந்தோம். பலாப் பலகை, 6 மில்லிமீற்றர் சுருள் பிட், ஆழம் 4 மில்லிமீற்றர். எழுத்துத் தொடங்கிய இடத்தில் அளந்தால் 4 இருந்தது. சுழி முடிந்த இடத்தில் 9. ரவுட்டரை யாரும் அழுத்தவில்லை. பிட் தானாகவே கீழே இறங்கியிருந்தது. “அண்ணே, நல்லா இறுக்கித்தான் பூட்டினேன்” என்றான் உதவிக்கு நின்ற தம்பி. அவன் சொன்னது பொய்யில்லை. அந்த நட்டைக் கழற்ற எனக்கே மூச்சு வாங்கியது.

பிட்டைப் பிடிப்பது நட் அல்ல, கொலட். பக்கவாட்டில் பிளவு விட்ட சின்னக் குழல் அது. நட்டை இறுக்கும்போது கொலட் கூம்பான துளைக்குள் தள்ளப்படும், பிளவுகள் நெருங்கும், பிட்டின் காம்பைச் சுற்றிக் கவ்வும். ஆணியோ பூட்டோ கிடையாது; எல்லாம் இரும்போடு இரும்பு உரசும் பிடிதான். இடையில் கொஞ்சம் தூசி, ஒரு துளி எண்ணெய், ஒரு துருப்புள்ளி இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பிடி வராது. எங்கள் தெரணியகலையில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் இரவு மேசையில் விட்ட கொலட் காலையில் செம்மை பூத்திருக்கும்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிட்டை எடுத்து வெளிச்சத்தில் காம்பைத் திருப்பிப் பாருங்கள். சுற்றிவர வளையக் கீறல் இருந்தால் பிட் உள்ளே சுழன்றிருக்கிறது. நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால் இறங்கியிருக்கிறது. கபில நிறத் திட்டுகள் இருந்தால் கொலட் முழுவதுமாகக் கவ்வவில்லை, அங்கங்கே மட்டும் தொட்டிருக்கிறது.

அடுத்தது அளவு. பலபேர் விழும் குழி இதுதான். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர் காம்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு கல்யாணக் கார்டின் தடிப்புத்தான், கண்ணுக்குத் தெரியாது. கால் அங்குலக் கொலட்டில் 6 மில்லிமீற்றர் பிட்டைப் போட்டால் நட் இறுகும், பிடித்தது போலவே இருக்கும், பாரம் ஏறியதும் நழுவும். 12 மில்லிமீற்றருக்கும் அரை அங்குலத்துக்கும் (12.7) இதே கதை. கடையில் இரண்டு வகையும் ஒரே தட்டில் கிடக்கும். வாங்கும்போதே வேர்னியர் வைத்துக் காம்பை அளந்துவிடுங்கள். கணினியில் ஓடும் இயந்திரங்களில் வரும் ஈ.ஆர். 11 வகைக் கொலட் அரை மில்லிமீற்றர் வரை சுருங்கும். ஆனாலும் அதன் மேல் பொறித்த அளவுக்கே பிடி நன்றாக நிற்கும்.

பிறகு சுத்தம். கொலட்டைக் கழற்றி மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் உள்ளே தேயுங்கள். பிளவுகளை மறக்க வேண்டாம். பலா, பைன் மரத்தூள் அங்கேதான் பிசினாக உறைந்து நிற்கும். கெட்டியாகப் பிடித்திருந்தால் பித்தளைத் தூரிகை போதும். சேன்ட்பேப்பர் போட்டால் துளை பெருத்துவிடும், கொலட் அத்தோடு சரி. மோட்டர்த் தண்டின் கூம்புக்குள்ளும் துணியை விட்டுத் துடையுங்கள். கடைசியில் எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். துருவுக்குப் பயந்து தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வழுக்கும், நாளானால் பிசினாகவும் மாறும்.

பூட்டும் முறைக்கு வருவோம். ஈ.ஆர். வகையானால் கொலட்டைச் சற்றுச் சாய்த்து முதலில் நட்டுக்குள் அழுத்துங்கள். ‘டிக்’ என்று உட்காரும். அதன் பிறகே தண்டில் மாட்டவேண்டும். கொலட்டைத் தண்டுக்குள் போட்டுவிட்டு மேலே நட்டை மூடினால் பிட் சாய்ந்து ஓடும், கழற்றும்போது கொலட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பிட்டை உள்ளே அடிவரை விட்டு, 2 அல்லது 3 மில்லிமீற்றர் மேலே இழுத்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போது கொலட் பிட்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். பிட் ஏற்கெனவே அடியில் முட்டி நின்றால் அதற்குப் போக இடமில்லை, பிடி அரைகுறையாகும். அதற்காக நுனியில் தொங்கவிடவும் கூடாது. கொலட்டின் முக்கால் நீளமாவது காம்பு உள்ளே இருக்கட்டும். காம்பு முடிந்து வெட்டும் பள்ளம் தொடங்கும் வளைவைக் கொலட் கவ்வக் கூடாது.

இரண்டு ஸ்பனர்களையும் ஒரு கைக்குள் அடங்கும்படி வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்துங்கள். குழாய் மாட்டி நீட்டி முறுக்கினால் நட்டின் புரிதான் கெடும். பிட் இல்லாமல் வெறும் நட்டை இறுக்கவே வேண்டாம். கொலட் நசுங்கிவிடும்.

இப்போது மார்க்கர் பேனாவால், கொலட் வாயை ஒட்டிக் காம்பைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். தேவையில்லாத பலகையில் ஐந்து நிமிடம் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கோட்டுக்கும் கொலட்டுக்கும் இடையில் வெள்ளி தெரிந்தால் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். காம்பும் கொலட்டும் புதிதாக, சுத்தமாக இருந்தும் இறங்கினால் வெட்டும் விதத்தைப் பாருங்கள். தூளை மேலே வாரும் சுருள் பிட், திருகாணி போலத் தன்னையே மரத்துக்குள் இழுக்கும். இறப்பர் பலகை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், முதிரை பொறுக்காது. 6 மில்லிமீற்றர் பிட்டுக்கு ஒரு தடவைக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் நான் இறக்குவதில்லை, முதிரையென்றால் 2. தீய்ந்த வாசம் வந்தால் பிட் மழுங்கிவிட்டது. மழுங்கிய பிட்டுக்குக் கூடுதல் தள்ளல் வேண்டும், அந்தப் பாரம் கொலட்டில்தான் விழும்.

இவ்வளவுக்குப் பிறகும் நழுவினால் நட்டை இறுக்காமல் புது பிட் ஒன்றைக் கொலட்டுக்குள் விட்டு ஆட்டிப் பாருங்கள். வாய்ப்பக்கம் லொடலொடத்தால் அது மணிவாய் போல விரிந்துவிட்டது. இயந்திரத்தைக் குறை சொல்லாமல் கொலட்டை மாற்றுங்கள். எங்கள் கதவில் நடந்ததும் அதுதான். ஐந்து மில்லிமீற்றர் பள்ளத்தைப் பலாச் சீவலும் பசையும் வைத்து அடைத்தோம். உற்றுப் பார்த்தால் சுழியில் இன்றும் தெரியும்.

வேலை முடிந்ததும் பிட்டைக் கொலட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கழற்றித் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.