வாத்தைத் துரத்தாதீர்கள்

கேள்வி: தை மாதச் சந்தையில் என் பையன் அடம்பிடித்து இரண்டு வாத்துக் குஞ்சுகள் வாங்கினான். இப்போது நன்றாக வளர்ந்துவிட்டன. ஒன்று ஆண், ஒன்று பெட்டை. பகலெல்லாம் கொல்லையில் மேய்கின்றன. பொழுது சாய்ந்தால்தான் வம்பு. கூட்டுக்குள் போகவே மாட்டேன் என்கின்றன. நானும் பையனும் கிணற்றைச் சுற்றிச் சுற்றித் துரத்திப் பிடித்துத்தான் அடைக்கிறோம். பிடிக்கப் பிடிக்கப் பயம் கூடுகிறதே தவிர, பழகின பாடில்லை. போதாததற்கு ஆண் வாத்து என் காலைக் கொத்த ஆரம்பித்துவிட்டது. "காலில் கயிற்றைக் கட்டிப் போடு, இல்லாவிட்டால் குச்சியால் நாலு போடு" என்கிறார் மாமியார். தீனி கொடுத்தே பழக்கலாம் என்கிறான் பையன். நாய்க்குச் சொல்லிக்கொடுப்பதுபோல வாத்துக்கும் சொல்லிக்கொடுக்க முடியுமா? திண்ணையில் எச்சமிடாமல் இருக்கவும் பழக்க முடியுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் பையன் சொல்வதுதான் சரி. வாத்து நன்றாகவே கற்றுக்கொள்ளும். இத்தனை நாளும் அது கற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இருட்டுகிற நேரத்தில் இரண்டு பேர் பிடிக்க வருவார்கள், ஓடினால் கொஞ்ச நேரம் தப்பிக்கலாம் என்பதுதான் நீங்கள் தினமும் நடத்திய பாடம்.

வாத்துக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துவிடும். அதன் கணக்கில் மேலிருந்து இறங்குகிற எதுவும் பருந்துதான். உங்கள் கையும் அப்படித்தான். அதனால் முதல் வேலை, துரத்துவதை இன்றோடு நிறுத்துவது. காலைப் பிடித்துத் தூக்குவதும் வேண்டாம், கயிறும் வேண்டாம். வாத்தின் கால் மூட்டு எளிதில் பிசகிவிடும். தூக்கியே ஆகவேண்டும் என்றால் இறக்கைகளை உடம்போடு அணைத்து, அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்குங்கள்.

பழகும்வரை எப்படி அடைப்பது? அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றிரண்டு பேர் சில நூறு வாத்துகளை வரப்பு தாண்டி ஓட்டிப்போவார்கள். கையில் நீளக் கழி இருக்கும், ஆனால் அடி விழாது. கழி அவர்களுடைய கையின் நீளம், அவ்வளவுதான். அதை வலப்பக்கம் நீட்டினால் கூட்டம் இடப்பக்கம் ஒதுங்கும். நீங்களும் பையனும் ஆளுக்கொரு கழியோடு பின்பக்கமாக நின்று, மெதுவாக, பேச்சுச் சத்தமில்லாமல் நடந்தால் இரண்டும் கூட்டைப் பார்த்து நடக்கும். அவை நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

கூட்டையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். வெளிச்சத்திலிருந்து கும்மிருட்டுக்குள் நுழைய வாத்து தயங்கும். உள்ளே ஒரு சின்ன விளக்கு போட்டாலே பாதித் தகராறு தீர்ந்துவிடும். ஏறும் பலகை செங்குத்தாக இருந்தாலும் வழுக்கினாலும் ஏறாது. சாய்வைக் குறைத்து, குறுக்கே சிறு ரீப்பர்களை அடியுங்கள். பல வீடுகளில் "பிடிவாதம்" என்று சொல்லப்படுவது தச்சு வேலைக் கோளாறுதான்.

இனி பயிற்சி. வெகுமதியாக எதைக் கொடுப்பது? தினமும் தட்டில் கிடைக்கிற தீவனத்தை வெகுமதியாக நீட்டினால் அதற்கு மதிப்பில்லை. பச்சைப் பட்டாணி, நறுக்கிய நத்தைச் சதை, மண்புழு, இவற்றில் எதற்கு அவை பாய்ந்து வருகின்றன என்று பார்த்து அதைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கிவையுங்கள். ரொட்டி வேண்டாம், வயிறு நிரம்பும், சத்து இல்லை. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு கோழியைவிட வாத்தை வெகு சீக்கிரம் சாய்த்துவிடும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருக்கட்டும். வாத்து தீனியை நனைத்து விழுங்குகிற பறவை. தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு வாய்க்குப் பிறகு பயிற்சியை விட்டுவிட்டுத் தண்ணீர் தேடிப் போய்விடும்.

அடுத்தது சத்தம். பட்டனை அமுக்கினால் 'டக்' என்று கேட்கிற பேனா போதும். முதலில் ஒன்றும் கற்பிக்க வேண்டாம். உட்கார்ந்துகொண்டு, டக், ஒரு பட்டாணி; டக், ஒரு பட்டாணி. சத்தம் கேட்டதும் வாத்து தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உங்கள் கையைத் தேடுகிறதா? அப்படியானால் சத்தத்துக்கும் தீனிக்கும் உள்ள தொடர்பு அதற்குப் புரிந்துவிட்டது. இந்தச் சத்தம் எதற்கு என்றால், வாத்து சரியாகச் செய்த அந்த நொடியைச் சுட்டிக்காட்டத்தான். பட்டாணி எடுத்து நீட்டுவதற்குள் அது வேறு ஏதாவது செய்திருக்கும். சத்தம் தாமதித்தால் தவறான செயலுக்குக் கூலி கொடுத்தவர் ஆவீர்கள்.

பிறகு ஒரு குச்சியின் நுனியில் சிவப்புத் துணியைச் சுற்றி, வாத்தின் அலகுக்கு அரைச் சாண் தள்ளித் தரையோடு காட்டுங்கள். எதையும் அலகால் தொட்டுப் பார்ப்பது அதன் குணம். தொட்ட நொடியில் டக், பட்டாணி. அடுத்த முறை ஒரு அடி தள்ளி, பிறகு இரண்டடி, பிறகு பலகையின் அடியில், பலகையின் மேல், கூட்டு வாசலில், கடைசியாகக் கூட்டுக்குள். ஓரிடத்தில் தயங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டிக்காதீர்கள். பகலில் இப்படிப் பழகிய பிறகு, மாலைத் தீனியைக் கூட்டுக்குள் மட்டுமே வையுங்கள். வைக்கும்போது ஒரே மாதிரி குரல் கொடுங்கள், அல்லது தகர டப்பாவைத் தட்டுங்கள். அந்தி நேரத்தில் பசி இருக்க வேண்டும். மூன்று மணிக்கே அரிசிச் சோற்றைக் கொல்லையில் கொட்டிவிட்டு, ஆறு மணிக்கு வரவில்லையே என்று வருத்தப்படக் கூடாது. உள்ளே போனதும் படாரென்று கதவைச் சாத்தாதீர்கள். சாப்பிடட்டும், பிறகு சாத்தலாம்.

கொத்துகிற ஆண் வாத்தைப் பொறுத்தவரை, இது அதற்குப் பருவம் வரும் வயது. நீங்கள் துள்ளிக் காலை இழுத்தால் அதற்கு விளையாட்டு, காலால் தள்ளினால் சண்டை. இரண்டுமே அதற்கு வேண்டியதுதான். அசையாமல் நின்று சிவப்புக் குச்சியை நீட்டுங்கள். அலகு குச்சியைத் தொடுகிற நேரத்தில் உங்கள் காலைக் கொத்த முடியாது. அதற்குக் கூலி கொடுங்கள். கொத்திய கையோடு பட்டாணி போட்டுச் சமாதானம் செய்யாதீர்கள்; அப்புறம் பட்டாணிக்காகவே கொத்தும்.

மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் மெம்பிஸ் வாத்துகளின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பீபாடி என்ற ஹோட்டல் இருக்கிறது. அங்கே விருந்தினரின் பெட்டிகளைச் சுமக்கும் வேலையில் இருந்தவர் எட்வர்ட் பெம்ப்ரோக். முன்பு சர்க்கஸில் விலங்குகளைப் பழக்கியவர். 1940-இல் அவர் ஹோட்டல் வாத்துகளை வரவேற்பறை நீரூற்றுவரை வரிசையாக நடந்துவரப் பழக்கினார். 1991 வரை அதுவே அவருடைய உத்தியோகமாக இருந்தது. இன்றும் காலை 11 மணிக்கு ஐந்து வாத்துகள் லிஃப்டில் இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் நடந்து நீரூற்றுக்குப் போகின்றன. மாலை 5 மணிக்குத் திரும்புகின்றன. ஒன்றன் பின் ஒன்றாக நடப்பதும் தண்ணீரைத் தேடிப் போவதும் வாத்துக்குப் பிறவிக் குணம். அதோடு ஒட்டிய பாடத்தை அவர் தேர்ந்தெடுத்ததில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

பிறவிக் குணத்துக்கு எதிரான பாடம் ஏறாது. உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரெலண்டும் மரியன் பிரெலண்டும் தீனி கொடுத்து விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாக நடத்திய தம்பதி. பழக்கிய விலங்குகள்கூட நாளடைவில் பாடத்தை விட்டுவிட்டுத் தம் இயல்புக்குத் திரும்புவதை 1961-இல் ஒரு கட்டுரையில் அவர்களே விவரித்தார்கள். உங்கள் திண்ணைப் பிரச்சினைக்கும் இதுதான் பதில். ஓயாமல் மேய்ந்து, ஓயாமல் கழிக்கிற பறவை வாத்து. கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை எச்சமிடும். அடக்கிவைக்க அதற்குத் தெரியாது. எந்தப் பட்டாணியாலும் இதை மாற்ற முடியாது. திண்ணைக்கு ஒரு படல் கட்டிவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஓர் ஆணுக்கு ஒரே பெட்டை என்றால், அந்தப் பெட்டையின் கழுத்து இறகு உதிர்ந்து புண்ணாகிற அளவுக்கு ஆண் விரட்டும். இன்னும் இரண்டு மூன்று பெட்டைகள் வாங்கி விடுங்கள். கொத்துவதும் குறையும், முட்டைக்கும் ஆகும். இரண்டில் எதுவாவது நொண்டினாலோ, தீனிக்கு வராமல் ஒதுங்கி நின்றாலோ, அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.