வான்படத்தில் ஒரு பள்ளத்தாக்கு

ஓர் ஊரின் பழைய நிலையை அறிய விரும்புவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலையையும் நாடுவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டில் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க சான்று மற்றொன்றும் தோன்றிற்று. வானூர்தியிலிருந்து எடுக்கப்பெற்ற நிழற்படமே அது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், கலிபோர்னியா மாநிலத்துச் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கின் பழைய படங்கள் இச்சான்றின் அருமையை நன்கு புலப்படுத்தும்.

இவ்வகைப் படங்கள் வரலாறு எழுதுதற்பொருட்டு எடுக்கப்பட்டவை அல்ல. 1929-க்குப்பின் அந்நாட்டில் விளைபொருள்களின் விலை பெரிதும் வீழ்ந்தது. 1933-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, சில பயிர்களின் பரப்பைக் குறைக்கும் உழவர்க்கு அரசு பொருள் வழங்கும் என வகுத்தது. உழவர் உண்மையில் எவ்வளவு குறைத்தனர் என்பதை அறியவேண்டுமன்றோ? வயல்தோறும் சங்கிலி பிடித்து அளத்தல் எளிதன்று. எனவே 1930-களின் பிற்பகுதியில் மாவட்டம் மாவட்டமாக விளைநிலங்கள் வானிலிருந்து படம் எடுக்கப்பட்டன. வானூர்தி நேர்கோட்டிற் பறக்கும். அதன் அடியிற் பொருத்திய கேமரா செங்குத்தாகக் கீழ்நோக்கும். அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு எடுக்கப்படும். ஒரு மைல் நிலம் பெரும்பாலான படங்களில் ஏறக்குறைய 3 அங்குலமாகச் சுருங்கியிருக்கும். அடுத்தடுத்த இரு படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்னும் கருவியின் வழியே நோக்கினால், மரங்கள் தாளினின்றும் எழுந்து நிற்பனபோலத் தோன்றும்.

சாந்தா கிளாரா, இருபுறமும் மலைகள் சூழ, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கரையை அடுத்துக் கிடப்பது. வண்டல் படிந்த வளமான மருதநிலம். அந்நாளைய படத்தில் அப்பள்ளத்தாக்கு முழுதும் புள்ளிகள் நிறைந்த பாய் விரித்ததுபோல் காணப்படும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மரம். பிளம், ஆப்ரிகாட், செர்ரி ஆகியவை வரிசை பிறழாமல் நடப்பட்டிருந்தன. புள்ளியின்றிக் கோடுகள் ஓடுமிடம் காய்கறி நிலம். தோட்டங்களுக்கு இடையே நேராகச் செல்லும் வெண்கோடு வண்டிப்பாதை. படம் நிலத்தைக் காட்டுமேயன்றி, அதில் உழைத்தாரைக் காட்டாது. அங்குப் பயிரிட்டு வந்த சப்பானிய மரபினர் 1942-இல் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அத்துயரை அறிய வேறு சான்றுகளையே நாடவேண்டும்.

பின்னாளில் எடுத்த படங்களை முறையே அடுக்கி நோக்குவோர் ஒரு வியப்பைக் காண்பர். நகரம் குளத்து நீர்போலக் கரையிலிருந்து சிறிது சிறிதாகப் பெருகவில்லை. தோட்டங்களின் நடுவே, நகருக்குத் தொலைவில், திடீரென ஒரு வெள்ளைத் திட்டுத் தோன்றுகிறது. மரங்களை வேரோடு பெயர்த்த வெற்று நிலம் அது. அடுத்த படத்தில் அங்கே வளைந்த தெருக்களும் ஒரே அளவான கூரைகளும் நிற்கின்றன. அதற்கடுத்த படத்தில் இரு திட்டுகளுக்கு இடைப்பட்ட தோட்டமும் மறைந்துவிடுகிறது. சான் ஓசே நகரின் பரப்பு 1950-இல் 17 சதுர மைல்; 1970-இல் 130 சதுர மைலுக்கும் மிகுதி. மக்கள்தொகை ஏறக்குறைய 95,000-லிருந்து 4 இலட்சத்துக்கு மேல் உயர்ந்தது.

உழவர் பொருளாசையால் நிலத்தை விற்றனர் என்று கூறி அமைதல் முறையாகாது. அயல்நிலத்தில் வீடுகள் எழுந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் வரியும் ஏறும். மரத்தில் காய்க்கும் பழமோ பழைய அளவே! மருந்து தெளித்தால் அண்டை வீட்டார் குறைகூறுவர். இவ்வாறு நெருக்குண்டவர்களே பலர். நிலத்தைப் பயிர்த்தொழிலுக்கே வைத்திருப்பதாகப் பத்தாண்டு உடன்படிக்கை செய்வோர்க்கு விளைச்சலின் மதிப்புக்கேற்ப வரி விதிக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 1965-இல் இயற்றியது. அதற்குள் அப்பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் அழிந்தொழிந்தன. சமமான தரையும் எளிதிற் கிடைக்கும் நீரும் மரத்துக்கு உகந்தவை; வீடு கட்டுவோர்க்கும் அவையே உகந்தவை. ஆகவே முதலில் மறைந்தது கல்லும் கரடுமன்று, நல்ல மண்ணே.

பழைய படங்கள் இன்றும் ஒரு பணிக்குப் பயன்படுகின்றன. டி.டி.டி. பரவுமுன், பழத்தோட்டங்களில் ஈய ஆர்சனேட் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளிப்பது அமெரிக்காவில் பெருவழக்கு. அதன் ஈயமும் பாடாணமும் மழையிற் கரைந்து ஓடாமல் மேல்மண்ணிலேயே தங்கும் இயல்பின. வீடுகளும் பள்ளிகளும் எழுந்தபின் அங்கே தோட்டம் இருந்ததென எவர் அறிவார்? வடக்கேயுள்ள வாஷிங்டன் மாநிலத்து அதிகாரிகள், பழைய ஆப்பிள் தோட்டங்களின் எல்லையை வான்படங்களைக் கொண்டு வரைந்து, அவ்விடங்களின் மண்ணை ஆய்கின்றனர். குழந்தைகள் விளையாடும் முற்றத்து மண்ணைத் தோண்டிப் பார்க்கவேண்டுமா என்பதை, பல்லாண்டுகளுக்கு முன் எடுத்த படத்தின் புள்ளிகள் தீர்மானிக்கின்றன.

சாந்தா கிளாராவின் பெரும்பகுதி இன்று கணிப்பொறித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரங்களாய் உள்ளது. அவற்றுள் ஒன்றான சன்னிவேலில், நகராட்சி 10 ஏக்கர் அளவில் ஆப்ரிகாட் தோட்டமொன்றைக் காத்துவருகிறது. அந்நகரின் அண்மைக்காலப் படங்களில், நெருங்கிய கூரைகளுக்கிடையே, வரிசை பிறழாத பசும்புள்ளிகளாய் அது தெரிகிறது.