படிவமும் அடையாளச் சீட்டும்

பைத்தான் மொழியில் வலைத்தளம் அமைக்கக் கற்போர் பலர் முதலில் கையில் எடுப்பது 'பிளாஸ்க்' என்னும் சட்டகம். ஆஸ்திரிய நாட்டவரான அர்மின் ரோனாக்கர் 2010ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். முதற்பாடம் இனிதே முடிந்துவிடும். படிவமும் செஷனும் வரும் இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது. நூலகப் புத்தகப் பதிவுக்கு ஒரு படிவம் அமைத்துப் பார்த்ததில் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அறிந்தவற்றை இங்கே கூறுகிறோம்.

பொத்தானை அழுத்தியதும் 405 என்ற எண் தோன்றினால், அந்த முகவரிக்குப் 'போஸ்ட்' முறை அனுமதிக்கப்படவில்லை என்று பொருள். நாம் எழுதிக் கொடுத்தாலன்றி பிளாஸ்க் அதை ஏற்காது. 400 என்று வந்தால் பெட்டியின் 'நேம்' என்னும் பெயரைப் பாருங்கள். ஐடி மட்டும் எழுதிவிட்டுப் பெயரை விட்டுவிட்டால், பெட்டிக்குள் எழுதியது சர்வருக்குப் போய்ச் சேராது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாடப் புத்தகங்கள் இதைச் சொல்வதே இல்லை! 'தாமிரபரணி' என்பதில் நமக்கு ஆறு எழுத்துகள். கணிப்பொறிக்கோ ஒன்பது, துணைக்கால், கொம்பு எல்லாவற்றையும் அது தனியே எண்ணுகிறது. பெட்டியின் அளவை ஆறு என்று வைத்தால் 'தாமிரப' என்பதோடு நம் ஆறு நின்றுவிடும்.

இனி செஷன். சர்வருக்கு முகங்கள் நினைவிராது. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் ஆளைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்க்கிறார் அல்லவா? அத்தகைய சீட்டே 'குக்கி'. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி 1994இல் இதை உருவாக்கினார். பிளாஸ்க், விவரத்தைச் சீட்டிலேயே எழுதி, இரகசியச் சாவியால் முத்திரையிட்டுத் தருகிறது. முத்திரை இருப்பதால் எவரும் அதைத் திருத்த முடியாது; ஆனால் படிக்க முடியும். ஆகவே கடவுச்சொல்லை அதில் வைக்கலாகாது.

சாவியே எழுதாவிட்டால் செஷனில் ஒன்றைப் பதியும்போதே பிழை வரும். நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதுச் சாவி உண்டாகும்படி எழுதுவது அதைவிடத் தொல்லை. சோதனை நிலையில், கோப்பைச் சேமித்தவுடன் சர்வர் மறுபடி தொடங்கும்; பழைய முத்திரைகள் செல்லாமற்போகும்; சற்றுமுன் உள்ளே வந்தவள் வெளியே நிற்பாள். பிழைச்செய்தி எதுவும் வராததால் காரணம் தேடி மாலைப்பொழுதே கழிந்துவிடும். சாவியை ஒரே முறை உண்டாக்கித் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. கணிப்பொறி அறையில் ஒரே இயந்திரத்தில் பலர் மாறி மாறி அமர்கிறோம். பிரவுசரை மூடாமல் ஒருத்தி எழுந்து சென்றால் அவள் செஷன் அப்படியே இருக்கும். அடுத்து வருபவள் எடுக்கும் புத்தகம் முன்னவள் கணக்கில் ஏறும். அவள் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இவள் கண்ணில் படும். எனவே 'வெளியேறு' என்னும் பொத்தானை முதல் நாளே அமைத்து, அதில் செஷனை முழுதும் அழிக்கும் கட்டளையை எழுதுங்கள். பிறகு ஒருத்தி வெளியேற, மற்றொருத்தி அதே இருக்கையில் அமர்ந்து பழைய பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.