இந்த மாத ஆங்கிலச் சொல்: டிஸ்கரேஜ்



"டிஸ்கரேஜ் பண்ணாதீங்க மேடம்" என்று நம் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. எல்லோரும் சொல்கிறோம். அதன் பொருளை நாங்களே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று காட்டிய ஒரு சம்பவம் இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் கலந்தது. படகு, வலை, கரையோரச் செடி எல்லாம் கறுத்துப்போயின. அதற்குப் பிறகு, கூடையில் எறா விற்கும் ஒரு அக்கா நாலு வாரம் குழுக் கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்பும் கட்டவில்லை. தீர்மான நோட்டில் "ஆர்வம் இல்லை" என்று எழுதினார்கள். நாங்களும் எங்கள் அறிக்கையில் அதையே 'நாட் இன்ட்ரஸ்டட்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டோம். அந்த ஒரு வரியால் உள்கடன் பட்டியலில் அவர் பெயர் விடுபட இருந்தது.

வீட்டுக்குப் போய்க் கேட்டோம்.

"ஆர்வம் இல்லாமலா 11 வருசமா கட்டினேன்? கூடையை எறக்கினாலே, எண்ணூர் எறாவா, எண்ணெ நாத்தம் அடிக்கும்னு மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. மனசு விட்டுப்போச்சும்மா" என்றார்.

இதற்குத்தான் ஆங்கிலத்தில் 'டிஸ்கரேஜ்ட்' என்று பெயர். 'கரேஜ்' என்றால் தைரியம். இதயத்தைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'டிஸ்' என்றால் விலக்குவது. கரண்ட் பில் கட்டாவிட்டால் 'டிஸ்கனெக்ட்' செய்கிறார்களே, அதே டிஸ்தான். இருந்த தைரியத்தை யாரோ, எதுவோ எடுத்துவிட்டது என்று பொருள். 'ஆர்வம் இல்லை' என்று எழுதினால் குறை அந்த அக்காவிடம் என்று ஆகிவிடுகிறது. 'டிஸ்கரேஜ்ட்' என்று எழுதியிருந்தால், எதனால் என்று அடுத்த கேள்வியை நாங்கள் அன்றே கேட்டிருப்போம்.

இதன் எதிர்ச்சொல் 'என்கரேஜ்', அதாவது ஊக்குவிப்பது. நம் குழுவில் 'ஊக்குநர்' என்று ஒருவரை வைத்திருப்பது இதற்காகத்தான். கணக்கு எழுத மட்டும் இல்லை.

பேசும்போது கடைசி எழுத்தைக் கவனியுங்கள். "ஐ ஆம் டிஸ்கரேஜ்ட்" என்றால் நான் மனம் தளர்ந்திருக்கிறேன். "ஐ ஆம் டிஸ்கரேஜிங்" என்றால் நான் அடுத்தவரைத் தளரவைக்கிறேன் என்று தலைகீழாகிவிடும். (எங்களில் ஒருவர் பயிற்சியில் இப்படிப் பேசி எல்லோரையும் சிரிக்கவைத்தார்.)

வங்கியில் "இப்ப வேணாம்மா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்று சொன்னால் அது டிஸ்கரேஜ் செய்வது. மறுப்பு என்றால் 'ரிஜெக்ட்'. இரண்டும் ஒன்றல்ல. விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு சொல்லோடும் இதைக் குழப்பக் கூடாது. 'டிப்ரஷன்' என்பது நோய். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசின் 14416 எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

அந்த அக்காவுக்குத் தேவைப்பட்டது மருந்து இல்லை, அவகாசம். அடுத்த கூட்டத்தில் நோட்டில் இருந்த வரியை அடித்து, "தொழில் பாதிப்பால் வரவில்லை" என்று ஊக்குநர் எழுதினார். சேமிப்பு பாக்கியை மூன்று தவணையாகக் கட்ட ஒத்துக்கொண்டார்கள். கடன் பட்டியலில் பெயரும் ஏறியது. எங்கள் அறிக்கையை நாங்களும் திருத்தி அனுப்பினோம்.