சைக்கிளுக்கு இரண்டு ஜாமீன்

சங்கத்தில் கடன் கோரும் அங்கத்தினரிடம் இரண்டு ஜாமீன் கேட்பது வழக்கம். ஒருவர் தவறினாலும் மற்றவர் நிற்பார் என்பதே அதன் தாத்பரியம். சைக்கிளுக்கும் அவ்வாறே முன் சக்கரத்திற்கு ஒன்றும் பின் சக்கரத்திற்கு ஒன்றுமாக, ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் அவசியமாகும்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் காவேரி, குடமுருட்டிக் கரைகளிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவுகள் பல. சில ஆண்டுகளுக்கு முன் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் சென்ற நான், அத்தகைய சரிவொன்றில் வாடகைச் சைக்கிளில் இறங்கினேன். முன் பிரேக் கழற்றப்பட்டிருந்தது. பின் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. எதிரே கன்றுக்குட்டியுடன் ஒரு சிறுமி வந்தாள். செருப்பைத் தரையில் தேய்த்தும் வண்டி நிற்கவில்லை. வேலிக்குள் செலுத்தி விழுந்தேன். சிறுமிக்குத் தீங்கில்லை. பாராமல் ஏறியது என் பிழையே.

பிரேக் இல்லாமலே காலால் சமாளிக்கலாம் என்னும் எண்ணம் பிற தேசங்களிலும் உண்டு. பிரீவீல் இல்லாத சைக்கிளில் பின் பல்சக்கரம் சக்கரத்தோடு பிணைந்திருக்கும். சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். பெடலைக் காலால் எதிர்த்து வேகத்தைக் குறைக்கலாம். யாவரும் ஒரே திசையில் செல்லும் பந்தய வட்டத்திற்கு இது பொருந்தும். சாலைக்குப் பொருந்தாது, காரணங்கள் மூன்று:

1. வண்டி நிற்கும்போது பாரம் முன்னே சாய்கிறது; பின் சக்கரம் பிடிப்பிழந்து வழுக்குகிறது. முன் பிரேக்கும் சேர்ந்தால், உலர்ந்த சாலையில் ஏறக்குறையப் பாதித் தூரத்திலேயே நிறுத்தலாம்.
2. செயின் அறுந்தாலோ கழன்றாலோ காலின் பலம் சக்கரத்தை எட்டாது.
3. சரிவில் வேகம் மிகுந்தால் பெடலின் சுழற்சிக்குக் கால் ஈடுகொடாது.

ஆதலால் பிரிட்டனில் 1983ஆம் ஆண்டு விதிகள், பிரீவீல் இல்லாத வண்டிக்கும் முன் பிரேக்கைக் கட்டாயமாக்கின. ஜப்பானில் இரு சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். மீறினால் 50,000 யென் வரை அபராதம். லண்டனில் 2016இல் முன் பிரேக் இல்லாத அத்தகைய சைக்கிள் மோதி ஒரு பெண்மணி மாண்டார். ஓட்டிய இளைஞருக்கு 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2017இல் 18 மாதச் சிறைக்காவல் விதிக்கப்பட்டது.

நம் நாட்டிலும் சைக்கிள்காரர் சட்டத்திற்குப் புறம்பானவர் அல்லர். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொதுவழியில் பிறர் உயிருக்கு அபாயம் நேருமாறு எந்த வாகனத்தை ஓட்டினாலும் பொருந்தும். 6 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுச் சைக்கிளை இன்றே சோதிப்பார்களாக. சர்க்கார் இலவசமாக அளித்த சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் வண்டியை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியே பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். பிடித்த சக்கரம் உருளலாகாது. பிறகு சமதரையில் மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள். ஜப்பானிய விதிப்படி, மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும் சைக்கிள் 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை எளிதில் பிடிக்காது. மழைக்காலத்தில் முன்கூட்டியே மெல்லப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். மூட்டை ஏற்றியிருந்தால் கரைச் சரிவில் இறங்கித் தள்ளிச் செல்வதே உத்தமம்.

தேய்ந்த கட்டையை மாற்றும் செலவு அற்பம். ஜாமீன் இல்லாத கடன் பணத்தோடு போகும்; பிரேக் இல்லாத சைக்கிளோ பிறர் குழந்தையின் உயிரைக் கேட்கும்.